நாற்பத்தொன்றாவது மரத்து பிஷப்

புக்கிட் செலம்பாவில் ரப்பர்க் கட்டிப்பால் விலை மறுபடி இறங்கிய வாரம், பிரேமாவதியின் நாற்பத்தொன்றாவது மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கோப்பையில், பாலோடு பாலாக இரண்டு வெள்ளிக் காசுகள் உறைந்து கிடந்தன. எண்ணூறு வருசத்துக் காசுகள். இரண்டிலும் கூர்க்குல்லாய் வைத்த ஒருவர், ஒரு கையில் வாளும் மறு கையில் வளைந்த கோலுமாக உட்கார்ந்திருந்தார். வாளையும் கோலையும் பார்த்ததும் முனியாண்டிதான் என்று முடிவு கட்டி, அவள் சுருட்டுப் பற்றவைத்துப் படைத்தாள். வேறு யாரென்று நினைப்பாள், பாவம்?

பாலை உறையவைக்கும் ஆசிட் தெறித்து அவள் கணவர் அய்யாவுவுக்கு இரண்டு கண்ணும் போய் ஐந்து மாதமாகியிருந்தது. பார்வை திரும்பினால் போதும், தன் மரத்து வரும்படியில் வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். மரம் வெள்ளியாகவே கொடுத்துவிட்ட பிறகு காத்திருப்பானேன் என்று, சுங்கைப்பட்டாணி ஆசாரி பரஞ்சோதியிடம் ஓடினாள். அவர் உருக்கித் தட்டி, லட்சணமாக இரண்டு கண்கள் செய்து தந்தார். விடிந்து பார்த்தால் மறுபடி காசு, மறுபடி அதே ஆள், குல்லாய்கூட நசுங்கவில்லை. ஏழு தடவை இப்படியே நடந்தது.

"விடு தங்கச்சி, கடை வெள்ளில செஞ்சு தரேன்லா," என்றார் பரஞ்சோதி.

"நேர்ந்தது என் மரத்து வெள்ளிண்ணே. நான் விடமாட்டேன்."

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தும் பக்கத்து வீட்டு ரூபினி காசைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "முனியாண்டி இல்லக்கா. ஐரோப்பாவுல ஒரு ஊர ஆண்ட பிஷப்பு. கோயிலும் அவருதான், கோட்டையும் அவருதான்."

"அப்ப கண்ணு குடுக்கிற அதிகாரமும் இருக்கும்ல," என்றாள் பிரேமாவதி. பிஷப்புக்குச் சுருட்டுப் படைத்த தப்புக்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு காசுகளைப் பார்த்து, "சாமி, வட்டமாத்தான் இருப்பேன்னா வட்டக் கண்ணாவே இருந்துட்டுப் போங்க," என்று சொல்லிக் கோயிலுக்கு நடந்தாள்.

வேற்றுச்சாமியை அம்மன் முகத்தில் சாத்த முடியாது என்றார் பூசாரி சுப்பிரமணியம். காலையில் சன்னிதியில் உட்கார்ந்தவள் சாயங்காலப் பூசைக்கும் அங்கேயே இருந்தாள். கடைசியில் பூசாரி சாத்திவிட்டார். நம்பாதவர்கள் அவரையே கேட்டுக்கொள்ளலாம், சொல்லவேண்டிய இடத்தில்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனுசன்.

அந்த வெள்ளிக்கிழமை அய்யாவுவின் இடது கண் திறந்தது. முதலில் பிரேமாவதி தெரிந்தாள். ஓவென்று அழுதார். வலது கண்ணில் மட்டும் பனி கொட்டும் ஓர் ஊரும் சரிந்த கூரைகளும் தெரிந்தன. டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது அய்யாவு வலது கண்ணை மூடிக்கொள்வார். வெயில் தாங்காத மத்தியானங்களில் இடது கண்ணை மூடிக்கொண்டு போர்வை கேட்பார்.

ஒருநாள் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "பிரேமா, அந்த பிஷப்பு சுவரத் தடவித் தடவிப் போறாரு. கண்ணு தெரியல போல."

அவள் கோயிலுக்கு ஓடிப் பார்த்தாள். இரண்டு காசிலும் அவர் கண்கள் மூடியிருந்தன. "உங்க கண்ணுக்கும் நான் பொறுப்பு சாமி," என்று அங்கேயே நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை மரத்தைக் கீறி மங்குக் கோப்பையை மாட்டிவிட்டு, பிஷப்புக்கு ஒரு ஜோடிக் கண்மலர் வேண்டும் என்று பரஞ்சோதிக்குப் போன் செய்தாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை, அளவு மட்டும் கேட்டார். வீட்டுக்காரரை வலது கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்கிறேன் என்றாள்.