அம்மாள் வராத வீட்டு வேப்பிலை

"அன்பாக அறிவிக்கிறோம்" என்று ஓட்டோவில் கட்டியிருந்த ஒலிபெருக்கி சொன்னபோதுதான் தெய்வமணிக்கு நெஞ்சு இடித்தது. அதட்டிக் கூப்பிடுகிறவனை ஒருவாறு நம்பலாம், அவனுக்கு என்ன வேண்டுமென்று முகத்திலேயே எழுதியிருக்கும். அன்பாகக் கூப்பிடுகிறவனை எதைக்கொண்டு நம்புவது?

கதிரவெளியின் மணல் பாதையில் ஓட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது. நாட்டில் பன்றிக் காய்ச்சல் பரவுகிறதாம். காய்ச்சல், இருமல், தடிமன் உள்ளவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணித் தாய்மார், பாடசாலைக்கு வந்து பெயரைப் பதிந்து மருந்து பெற்றுக்கொள்ள வேண்டுமாம்.

"பன்றிக்குக் காய்ச்சலாம், பேர் பதியிறது மனிசருக்காம்" என்று தெய்வமணி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று முணுமுணுத்தாள். காட்டுப் பன்றி இறைச்சி தின்று வளர்ந்த ஊர் இது. எந்தப் பன்றியும் இதுவரை இருமி அவள் கேட்டதில்லை.

அவள் பயந்ததில் பிழை சொல்ல நமக்கு வாய் வராது. புருசனைச் சுனாமி கொண்டுபோனது. அது கடல், அதோடு வழக்குப் பேச முடியாது. மூத்தவன் சுபாகரனைக் கொண்டுபோனது இப்படி ஒரு ஒலிபெருக்கி. சண்டையால் ஊரே இடம்பெயர்ந்து முகாமில் கிடந்த காலம். பெயர் பதிய எல்லோரும் மைதானத்துக்கு வரும்படி அன்றைக்கும் அன்பாகத்தான் சொன்னார்கள். "பதிவுதானே, போயிட்டு வா மகன்" என்று அவள்தான் சேர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். மைதானத்தில் ஆமிக்காரர் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் இருந்தான். வரிசையில் வந்தவர்களைப் பார்த்து அவன் தலையை ஆட்டினால் சரி, அந்தப் பிள்ளை வீட்டுக்கு இல்லை. சுபாகரனுக்கும் அவன் தலையை ஆட்டினான்.

இப்போது சண்டை முடிந்துவிட்டதாம். முடிந்ததென்று சொன்னதும் ஒரு ஒலிபெருக்கிதான்.

ஓட்டோவுக்குள் இருந்த இரண்டு பேரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. தெய்வமணிக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? விறுவிறென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே ஏழு மாத வயிற்றோடு மகள் கலாஜினி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது. இருமல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"என்னவாம்மா அறிவிக்கிறாங்க?"

"ஒண்டுமில்ல. மீன் விலை."

கலாஜினியின் புருசன் தனுசன் கல்குடாவில் ஹோட்டல் கட்டுகிற இடத்தில் மேசன் வேலைக்குப் போயிருந்தான். அவனுக்குச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து பெண்சாதியைத் தூக்கிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடுவான். இளந்தாரிகளுக்கு எதையும் நம்பத்தான் தெரியும். ஆகவே அவனுக்கும் சொல்லவில்லை.

ஆனால் வீடுவீடாக வந்தால்? அதற்கும் அவள் வழி கண்டுபிடித்தாள். பின்வளவில் நின்ற வேம்பில் கொப்பு முறித்து, வேலி வாசல் கடப்படியில் கட்டிவிட்டாள். அம்மாள் கண்டிருக்கிற வீடு, அம்மைக் கொப்புளம் போட்டிருக்கு என்று அர்த்தம். தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் அந்தக் கொப்பைத் தாண்டி ஒரு காக்கைகூட வராது. "தாயே, உன்ட பேரைச் சொல்லித்தான் பிள்ளையைக் காப்பாத்த வேண்டிக்கிடக்கு, கோவிச்சுக்கொள்ளாத" என்று கோயில் இருந்த திசை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை வேலிக்கு அப்பால் எட்டவே நின்று, "அம்மாளோ கா? வயித்துப் பிள்ளைக்காரிக்கோ?" என்று உச்சுக்கொட்டினாள். போகும்போது கடப்படியில் இரண்டு இளநீர் வைத்துவிட்டுப் போனாள். அந்த இளநீரைக் கையில் எடுத்தபோது தெய்வமணிக்குக் கூசியது. என்றாலும் கொப்பை அவிழ்க்கவில்லை.

மறுநாள் கலாஜினிக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். "வாய் கசக்குது, ஓரா மீன் பொரிச்சுத் தாங்கம்மா" என்றாள். பிள்ளை கேட்டுவிட்டாளே! களப்பில் பட்ட ஓரா மீனை வாங்கி, மிளகாய்த்தூள் பிரட்டி, சட்டியில் போட்ட நேரம் பார்த்து வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

வந்தவள் மிட்வைப் கைறுன்னிஸா. ஓட்டமாவடிக்காரி. மாதாமாதம் வந்து கலாஜினியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "உள்ளுக்கு இரிக்கிற ஆள் சுழியன்தான், என்னா உதை" என்று சிரித்துவிட்டுப் போகிறவள். இன்றைக்கு அவளும் வாயையும் மூக்கையும் மூடியிருந்தாள். பின்னால் ஒலிபெருக்கி ஓட்டோவும் வந்து நின்றது.

"தெய்வமணியக்கா, கிளினிக்குக்குக் கலாஜினி வரல்லியே?"

"அம்மாள் கண்டிரிக்கு மிஸ். உள்ளுக்கு வரப்படாது."

கைறுன்னிஸா வேப்பிலையைப் பார்த்துவிட்டு, கடப்படிக்கு வெளியிலேயே நின்றாள். வேற்று மதத்துக்காரி என்றாலும் அந்த மரியாதை அவளுக்குத் தெரியும். "கொப்புளம் எங்கால போட்டிரிக்கி? நெஞ்சிலயா, முதுகிலயா?"

"எல்லா இடமும்தான்."

பொரியல் மணம் வந்த பக்கம் கைறுன்னிஸா திரும்பினாள். துணிக்கு மேலே அவளுடைய புருவம் சுருங்கியது.

"அக்கா, அம்மாள் வந்த வீட்டுல மீன் பொரிக்கிற நீங்களா?"

அம்மாள் கண்ட வீட்டில் தாளிக்கவே மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. அது கைக்குழந்தைக்கும் தெரிந்த விசயம். முப்பது வீட்டுக்கு மணக்க மணக்க ஓரா மீனைப் பொரித்துக்கொண்டு, அம்மாள் என்று சாதித்தால் யார் நம்புவார்கள்? வேலிக்கு அப்பால் ஆச்சிப்பிள்ளையின் தலை எட்டிப் பார்த்தது.

"ஓம், பொய்தான்!" தெய்வமணி கத்தினாள். "பேர் பதியிறமெண்டு கூட்டிக்கொண்டு போவீங்க. மறுகா நான் ஆரிட்டப் போய்க் கேட்கிற? நீ கைறுன்னிஸாதானா எண்டு எனக்கென்ன தெரியும்? முகத்தைக் காட்டு பாப்பம்!"

"கழட்ட மாட்டன் அக்கா. எனக்கும் வீட்டுல பால்குடிப் பிள்ளை இரிக்கி. ஒங்கட மகளுக்கு மூச்சு இழுக்குதா? அத மட்டும் சொல்லுங்க."

பதில் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. கலாஜினி நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு சொல் சொல்ல இரண்டு மூச்சு எடுத்தாள்.

"அம்மா... அண்ணனைக் கொண்டுபோனது இவங்க இல்ல." இருமினாள். "என்னை விடுங்க. நான் சாகப்போறன்."

தெய்வமணி மகளையே பார்த்தாள். இரண்டு நாளாக அவள் காவல் காத்தது யாரை? வெளியில் நிற்கிறவர்களிடமிருந்து மகளைக் காப்பாற்றுகிறேன் என்று, மகளைக் கொல்லுகிற நோயை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அடுப்பில் மீன் கருகியது. அவள் அதை இறக்கவும் இல்லை. மகளின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு தானே ஓட்டோவுக்கு நடத்திக்கொண்டு வந்தாள்.

"நானும் வருவன்" என்றாள் கைறுன்னிஸாவிடம். "என்னை இறக்கிவிடப் பார்த்தால் ஓட்டோச் சில்லுக்குள்ள விழுவன்."

"வாங்க. ஆனா இதக் கட்டிக்கொண்டு ஏறுங்க" என்று கைறுன்னிஸா ஒரு துணியை நீட்டினாள். தெய்வமணி வாங்கித் தன் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆசுப்பத்திரியில் கலாஜினியைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள். ஒரு கதவு திறந்தது, மகள் உள்ளே போனாள், கதவு மூடிக்கொண்டது. நோயாளியைத் தவிர யாரும் உள்ளே போக முடியாது என்றார்கள். தெய்வமணி பின்னால் ஓடி அந்தக் கதவில் கையை வைத்தாள். விட்டுவிட்டேனே, இவளையும் நானே கூட்டிவந்து கொடுத்துவிட்டேனே என்று அவளுக்கு உயிர் பதறியது. கைறுன்னிஸா தோளைத் தொட்டாள். அவள் தட்டிவிட்டாள்.

இராவெல்லாம் கதவடியில் குந்தியிருந்தாள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எழும்பி, "என்ட பிள்ளை இருக்கோ?" என்று கேட்டாள். வந்தவர்கள் அவசரத்தில் போனார்கள். அதில் அவளுக்கு அதிசயம் ஒன்றுமில்லை. இதே கேள்வியை எத்தனையோ அரசாங்கக் கந்தோர் வாசலில், எத்தனையோ காவல் கடவையில் கேட்டவள். இல்லை என்றுகூட யாரும் சொன்னதில்லை.

விடிந்த பிறகு நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி வெளியே வந்தாள். சின்னப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், கண் மட்டும்தான் தெரிந்தது. தெய்வமணி கேட்பதற்கு முன்னமே அவள் நின்றாள்.

"கலாஜினிட அம்மாவா? பயப்படாதீங்க. மகள் இருக்கிறா. ஒக்சிசன் குடுத்திருக்கு, இப்ப மூச்சு நல்லா எடுக்கிறா. வயித்துப் பிள்ளையும் துடிக்குது. பின்னேரம் கண்ணாடியால காட்டுறன்."

தெய்வமணிக்கு வாய் கோணியது. முகம் மூடின ஒரு ஆள் தன்னிடம் நின்று, நேரே பார்த்து, இருக்கிறா என்று சொல்லிவிட்டது. அழுகை வந்தது. அழுகையோடு இன்னொன்றும் வந்தது, அவள் கேட்க நினைக்கவேயில்லை, வாய்தான் கேட்டுவிட்டது.

"மகன்?"

மிஸ்ஸி விளங்காமல் பார்த்தாள். "மகனும் இங்கயா? ஆரும் சொல்லல்லியே. பேரைச் சொல்லுங்க அம்மா, பார்த்துச் சொல்றன்."

"சுபாகரன்" என்றாள் தெய்வமணி.

"நில்லுங்க வாறன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை உள்ளே தேடப் போனாள்.