காலிதீனின் தமிழ் முந்திப் போனது

கல்முனைக் கடற்கரையில் ஒரு மீன்வாடிக் குடிசையில் தனியாக இருந்த காலிதீனின் தமிழ், ஊரார் தமிழைவிட ஆயிரம் வருடம் முந்தி, எதிர்காலத்துக்குப் போய்விட்டது. அவர் அங்கே குடிபோன நான்காம் வருடம் அது. அந்த வருடம் சூடைமீன் நல்ல மலிவு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். சகோதரன் உழைத்துக் கட்டிக் கொடுப்பான், மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பான். காலிதீன் கட்டாரில் வெயிலில் காய்ந்து, தங்கை ஸுஹைறாவுக்கு மாடிவீடு கட்டினார். அதற்குள் அவருக்குக் கலியாணம் பேசுகிற வயது கடந்துவிட்டது. இடுப்பு உடைந்து திரும்பி வந்தவரை அவள் ஒரு மாதம் வைத்துப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம், "காக்கா, இது என்ட ஊடு. மாப்புளைக்கும் சரிவருதில்ல. வேற இடம் பாருங்களன்" என்றாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார்.

வாடியில் கதைக்க ஒருவருமில்லை. கேட்க ஆளில்லாத மொழி அவசரப்படத் தொடங்கியது. முதலில் சொற்களின் வால்கள் உதிர்ந்தன. வீட்டுக்கு, வீட்டில், வீட்டை எல்லாம் வெறும் வீடாகி, சொல் நிற்கிற இடம்தான் அர்த்தம் காட்டியது. வசனத்தின் கடைசியில் நின்ற வினை நடுவுக்கு வந்து, பிறகு முன்னுக்கே போனது. சொற்களும் குறுகி, ஒரே ஓசையை உயர்த்தினால் மழை, தாழ்த்தினால் மீன் என்றாயின. கட்டாரில் இருந்தவர் அரபில் துஆக் கேட்கிறார் என்று சனங்கள் நினைத்தார்கள். அவர் பசிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் கையேந்தி ஆமீன் சொன்னார்கள். பாவம் மனுஷன்.

பல்கலைக்கழக வளாகத்தில் மொழியியல் படிப்பிக்கிற மர்ஷூதா வந்து கேட்ட பிறகுதான் விஷயம் தெளிந்தது. இலத்தீன் இப்படி வால்களை உதிர்த்துத்தான் பிரெஞ்சானது, பழைய சீனம் கடைசி எழுத்துகளை இழந்து ராகம் பிடித்தது, நாம் ஓதுகிற அரபின் விகுதிகள் கட்டார்க் கடைத்தெருவிலும் இல்லை என்றாள். "இது நோய் வருத்தமில்ல. எல்லாப் பாஷைக்கும் நடக்கிறதுதான். இவருக்குக் கொஞ்சம் கெதியா நடக்குது" என்று பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போனாள். ஊரும் அத்தோடு விட்டுவிட்டது.

மறுவருடம் ஸுஹைறாவுக்கும் கணவன் றாஸிக்குக்கும் ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்தது. போகிறவர்கள், தாங்கள் மனம் நோகச் செய்தவர்களிடம் மாப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவள் வீடு வீடாகக் கேட்டு, கடைசியாக வாடிக்கு வந்தாள். "என்னப் பொறுத்துக்கங்க காக்கா" என்று அழுதாள். காலிதீனுக்கு அது கல்வெட்டுத் தமிழாகக் கேட்டது. அவர் கடலைப் பார்த்தபடி நெடுநேரம் ஏதோ சொன்னார். அது மாப்பா, சாபமா? அல்லாவே, யாரிடம் போய்க் கேட்பது!

"மன்னிச்சிரிப்பாரு, வா போவம்" என்றான் றாஸிக்.

"இரிப்பாரு எண்டு நினைச்சிக்கு கஃபாவுக்கு முன்னால நிக்கேலா. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் அவள்.

அவள் தினமும் அஸர் தொழுதுவிட்டுச் சோறு கொண்டுபோய் வாடியில் இருந்தாள். கடலைக் காட்டினாள், காகத்தைக் காட்டினாள், அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். நோன்பில் படித்தது ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் பழசாகிவிடும். அதை அவள் சொன்னால், பூட்டன் காலத்துப் பேச்சைக் கேட்டவர்போல் அவர் சிரிப்பார். பேச ஆள் கிடைத்ததும் அவர் மொழியின் ஓட்டம் தணிந்தது, அவளுடையது ஓடத் தொடங்கியது. சந்தையில் அவள் கைகாட்டி மரக்கறி வாங்கினாள். ஹாஜியாராகி வந்த றாஸிக், மனைவியோடு கதைக்க வழியில்லாமல் தொலைக்காட்சி பார்த்தான்.

மூன்றாவது மாரியில் அவள் அவருடைய மொழியிலேயே மாப்புக் கேட்டாள். ஐந்தாறு ஓசைதான். அவர் ஒரே ஓசையில் பதில் சொன்னார். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகை வள்ளக்காரர்களுக்குக் கேட்டது. பிறகு இருவரும் மழையில் நனைந்தபடி நடந்து வந்தார்கள். காலிதீன் தான் கட்டிய வீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"உம்மா, மாமா என்ன சொன்ன?" என்று மகள் நுஸ்ஹா கேட்டாள். ஸுஹைறா மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வி அவளுக்கு விளங்கவில்லை. நுஸ்ஹா அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, சஹன் தட்டில் இருவருக்கும் சோறு கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் கதைத்துக் கதைத்துச் சாப்பிட்டார்கள்.

அந்த வீட்டில் நுஸ்ஹாவின் பெயர் இப்போது ஒரே ஓசை. உம்மா அதைக் கொஞ்சம் உயர்த்திக் கூப்பிட்டால், அவள் ஓம் என்று எழும்பிப் போகிறாள்.