மேஜையில் மிஞ்சிய தகடு

மேஜையைத் துடைக்கத் துணியை எடுத்தபோதுதான் மெக்கானிக் அதைப் பார்த்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. வளைத்து, துளை போட்டு, அவனே செய்தது.

காரில் இருக்க வேண்டியது.

தங்கை புருஷனின் குட்டிக் காருக்குள் பெரிய காரின் இன்ஜினைத் திணித்திருந்தான். பழைய இன்ஜினோடு மலையேறினால் பின்னால் வரும் லாரிக்காரன்கூட ஹாரன் அடித்தே மானத்தை வாங்குகிறான் என்று மாப்பிள்ளை ஓயாமல் புலம்பியதால் வந்த வேலை. புது இன்ஜினின் புகைக்குழாய் பிரேக் ஆயில் பைப்பை உரசாத குறையாகப் போனது. நடுவே இந்தத் தகடு இருந்தால் சூடு ஏறாது. இல்லையென்றால் ஆயில் கொதிக்கும். கொதித்தால், மிதிக்கிற பிரேக் பஞ்சாகிவிடும்; வண்டி நிற்காது.

காலையில் மலைக்குக் கிளம்பும்போதே தங்கை கேட்டாள். "பாப்பாவும் வர்றா. நம்பிப் போகலாமாண்ணே?"

"என் கையால செஞ்சது. ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேளு!" என்று மார் தட்டியிருந்தான்.

போன் அடித்தான். தங்கைதான் எடுத்தாள்.

"என்னண்ணே? இவர் பெருமை பேசிப் பேசியே என் காது புளிச்சுப்போச்சு. ஏத்தத்துல லாரியையெல்லாம் முந்திட்டாராம்!"

தகட்டை மாட்ட மறந்துட்டேன். நாக்கு நுனிவரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"வண்டி பேப்பர் இங்கயே கிடக்கு. திரும்பி வந்துடுங்க."

பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மச்சானுக்கு வண்டியைப் பிரிய மனசில்ல! ஒரு ரவுண்டு ஓட்டணும்னு ஆசை. பேப்பரை நாளைக்கு வாங்கிக்கறேன்னு சொல்லு!"

சிரிப்பு. போன் கட்டானது.

அவன் மேஜையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது. மாப்பிள்ளையாவது, மெதுவாகவாவது!

துணியை வீசிவிட்டு மறுபடி அழைத்தான். இந்த முறை முதலில் கேட்டது பாப்பாவின் அழுகை.

"அண்ணே, பிரேக் மிதிக்க மிதிக்க உள்ளே போகுதாம்! இறக்கத்துல இருக்கோம்ணே!"

"ஸ்பீக்கர்ல போடு! மாப்பிள்ளை, இன்ஜினை நிறுத்தாதீங்க. கியரை ஒவ்வொண்ணா குறைங்க. வண்டி அலறும், அலறட்டும். ஹேண்ட்பிரேக்கை விட்டு விட்டு இழுங்க. மலைப்பக்கமா ஒதுக்குங்க, பள்ளத்துப் பக்கம் போயிடாதீங்க!"

அவன் பொருத்திய இன்ஜின் போனுக்குள் ஊளையிட்டது. பாறையில் தகரம் கிழிகிற சத்தம். கண்ணாடி நொறுங்கியது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

"அம்மாடி! யாராவது பேசுங்களேன்!"

"நின்னுடுச்சு." தங்கைக்கு மூச்சு இரைத்தது. "பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. இவர் நெத்தியில ரத்தம்."

தரையில் உட்கார்ந்தான். "ஒரு தகடு மாட்ட மறந்துட்டேம்மா. அதனாலதான்..."

"எப்போ பார்த்தே?"

அவன் மேஜைமேல் கிடந்த தகட்டைப் பார்த்தான்.

"முதல்ல கூப்பிட்டப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ நாங்க மேலே பெட்ரோல் போட நின்னுக்கிட்டிருந்தோம். வண்டி ஓடவே இல்ல."

"இதோ கிளம்பிட்டேன், நானே வந்து..."

"வேற யாரையாவது அனுப்பு. நீ வராதே."

போன் அணைந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கார் நின்றதிலிருந்து அவள் ஒரு தடவைகூட அண்ணே என்று சொல்லவில்லை.