ஒட்டகம் பாதி எழுந்தபோது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிணத்துக்காகத் தொடங்கியது.

இருபது வருஷம் வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர் எழுதியவன் நான். சூடானில் போர் வந்தது, என் ஊரான ஓம்துர்மானில் பத்திரிகை நின்றது. கபூஷியாவில் மச்சான் வீட்டு முன்னறைக்கு ஓடி வந்தேன். ஒன்றரை வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமை திடீரென்று தோன்றியது: பிரமிடுகளுக்கு நடுவே ஒரு கொலை. பிணத்தை எங்கே போடலாம் என்று பார்க்க, பழைய பிரமிடுகள் இருக்கும் பஜ்ராவியாவுக்குக் கிளம்பினேன்.

முதல் வரி மனசில் தயார்: 'உச்சி உடைந்த பிரமிடின் நிழலில், கழுத்தில்லாத ஓர் உடல்…'

விடுங்கள். பிரமிடுகளின் நுழைவாசலிலேயே வேறு கதை காத்துக்கொண்டிருந்தது.

2

டிக்கெட் கிழிக்கும் காவலர் ஹசபுல்லா. தேநீர் விற்கும் தைபா. அவள் கணவன் பாபிகிர். அவர்களுடைய ஒட்டகம், வஸீர். மந்திரி என்று அர்த்தம். வேலை இல்லாமலே தலையை நிமிர்த்தி வைத்திருந்ததால் பெயர் பொருந்தியது.

"நீங்க சுற்றுலாக்காரரா?" என்றாள் தைபா.

"இல்லம்மா. கபூஷியாவுல இருக்கேன்."

அவள் முகம் விழுந்தது. இஞ்சித் தேநீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "இந்த மனுஷன் முந்தாநாள் சத்தியம் பண்ணாரு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை சாயங்கால அசர் தொழுகைக்குள்ள ஒரு சுற்றுலாக்காரன் ஏறலன்னா ஒட்டகத்த வித்துடுவாராம். விக்கலன்னா எனக்குத் தலாக்காம்."

"கோவத்துல வாய்ல வந்துடுச்சு," என்றான் பாபிகிர்.

"கோவம் ஒட்டகத்து மேல. தலாக் மட்டும் என் மேல."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எங்கள் பக்கத்து ஆண்கள் விருந்தாளியை இன்னொரு தட்டு சாப்பிட வைக்கக்கூட இந்தச் சத்தியத்தைத்தான் எடுப்பார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. முந்தாநாள் கெட்ட நேரம், பக்கத்தில் இமாம் உட்கார்ந்திருந்தார்.)

தாயில்லாத வஸீருக்குப் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் தைபா. வியாபாரியின் லாரி வேலமரத்தடியில் வந்து நின்றுவிட்டது. அந்த லாரி போவது வடக்கே, கசாப்புக்கு. அசருக்கு இன்னும் அரை மணி.

3

இந்த வியாபாரி விஷயத்தில் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் ஒரு கண்ணைப் பிடுங்கி, தங்கப்பல் கட்டி, சிரிக்க வைத்தேன். நிஜத்தில் அவர் லாரி நிழலில் தூங்கினார். எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அதுக்குத் தண்ணி காட்டினீங்களா?"

வில்லன் ரத்து. இனி கடிகாரம் மட்டும்தான் எதிரி.

4

"நீங்களே ஏறுங்களேன்," என்றாள் தைபா.

"டிக்கெட் வாங்கிட்டாரு. சுற்றுலாக்காரர்தான்," என்றார் ஹசபுல்லா.

பாபிகிர் ஒப்பவில்லை. "இமாம் கேப்பாரு. ஊர விட்டு ஓடி வந்தவரு எப்படிய்யா சுற்றுலாக்காரர்? சுற்றுலாக்காரன்னா பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பிப் போறவன்."

"திரும்பிப் போவாரா மாட்டாரான்னு அவரக் கேளு. உனக்கென்ன தெரியும்?" என்றார் ஹசபுல்லா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒட்டகமும்.

"பொய் சொல்லாதீங்கண்ணே," என்றாள் தைபா. "பொய்யில என் கல்யாணம் நிக்க வேணாம்."

[இந்த இடத்தில் என் பதிலை ஏழு முறை எழுதி அடித்தேன். 'வீடு இன்னும் நிற்கிறதா என்றே…' 'சாவி என் சட்டைப்பையில்…' 'அங்கே எனக்கு யார்…' போன மாதம்தான் என் எழுத்து மேசையை விற்றுவிடும்படி ஓம்துர்மானில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லியனுப்பியிருந்தேன். அதை இவர்களிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.]

5

ஹசபுல்லா வருகைப் பதிவேட்டைத் தூசி தட்டி நீட்டினார். பெயர். எங்கிருந்து. எங்கே போகிறீர்கள்.

பெயர் எழுதினேன். கபூஷியா என்று எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது. மேசை ஞாபகம் வந்தது. அதன் இடது இழுப்பறை மழைக்காலத்தில் மட்டும் திறக்காது. அதை விற்கக் கூடாது என்று அங்கே, அந்த வெயிலில்தான் எனக்குத் தெரிந்தது.

'ஓம்துர்மான்' என்று எழுதினேன்.

ஒன்றரை வருஷத்தில் நானாக எழுதிய முதல் சொல் அது.

"எப்போ?" என்றான் பாபிகிர்.

"உன் சத்தியத்துல தேதி இல்ல," என்றாள் தைபா. "ஒட்டகத்த உக்கார வை."

6

பத்திரிகை ஆசிரியருக்குப் பிடித்த முடிவு: ஒட்டகம் என்னைத் தூக்கியெறியும், கீழே மணலில் ஒரு கை தெரியும். மச்சானுக்குப் பிடித்த முடிவு: நாளைக்கே நான் பேருந்து ஏறுவேன். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பள்ளிவாசலில் அசருக்கு அழைப்பு தொடங்கும் முன்பே நான் சேணத்தில் இருந்தேன். வியாபாரி வெற்று லாரியைக் கிளப்பினார். ஒட்டகம் முதலில் பின்னங்கால்களைத்தான் தூக்கும். நான் தலைகுப்புறச் சாய்ந்தேன். கண்ணுக்கு நேரே மணல், தைபாவின் கெட்டில், வேறொன்றும் இல்லை.

"கழுத்தப் பிடிக்காதீங்கண்ணே. பின்னால சாயுங்க," என்று அவள் சிரித்தாள்.

கதையை இங்கே நிறுத்துகிறேன். முன்னங்கால்கள் இரண்டும் உங்கள் பொறுப்பு. மேலே போனால் பிரமிடுகள் எல்லாம் தெரியுமாம், அதற்கப்பால் தெற்கே ஓம்துர்மானுக்குப் போகும் சாலையும். இந்த ஆள் அதில் போகிறானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்வேன். பாதி எழுந்த ஒட்டகம் அப்படியே நின்று நான் பார்த்ததில்லை.