நீர்புகும் பாறை

மறுநாள் சமூக அறிவியல் பரீட்சை. ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு. வரலாற்றைக் கதையாகப் படித்துத் தப்பித்துக்கொள்ளலாம். குடிமையியலில் வாய்க்கு வந்ததை எழுதி ஒப்பேற்றலாம். புவியியல் அப்படி லேசில் விடாது. அதைப் படிக்க நித்யஸ்ரீக்கு வாய்த்ததோ, வீட்டுக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி நின்று பூமியைக் குடைந்துகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. சுவரில் மாட்டிய காலண்டர் ஆடியது. தண்ணீர்ச் சொம்பு மேடையில் தானாக நகர்ந்தது. நிலநடுக்க அலைகள் மூன்று வகை என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த பலகை நான்காவது வகையைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் படித்த விதமும் விசித்திரம்தான். பெரியப்பா மகள் மதுமதியும் அவளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. போனில் ஒருத்தி கேள்வி கேட்பாள், மற்றவள் பதில் சொல்வாள். மதுமதியின் வீடு ஒன்றும் சீமையில் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம்தான், எட்டிக் கூப்பிட்டால் கேட்கும். ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கூட்டுக் கிணற்றில் இன்று யார் முறை என்று பெரியப்பா பூபதியும் அவள் அப்பா தனபாலும் தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பாகிப் பஞ்சாயத்து வரை போனது. பிறகு ஆளுக்கொரு போர் போட்டதில் கிணறு வற்றிப்போனது. ரோஷம் மட்டும் வற்றவில்லை. அந்த ரோஷம் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறாமல் இருந்ததே பெரிய புண்ணியம்.

பூபதியின் போரில் தண்ணீர் இருந்தது. தனபாலின் போர் போன கோடையில் காலை வாரிவிட்டது. அப்புறம் போட்ட குழி வெறும் புழுதியைக் கக்கிவிட்டு ஓய்ந்தது. இன்று போடுவது கடைசி. இதுவும் பொய்த்தால் மாடுகளை விற்று, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, குமாரபாளையத்தில் மாமா வேலை பார்க்கும் தறிப்பட்டறைக்கே குடும்பத்தோடு போய்விடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. பத்தாம் வகுப்பை நித்யா அங்கேதான் படிக்க வேண்டும். மதுமதி இல்லாத பள்ளிக்கூடத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"தீப்பாறைன்னா என்னடி?" போனில் மதுமதி கத்தினாள்.

"பாறைக்குழம்பு ஆறிக் கெட்டியானது. கிரானைட், பசால்ட்."

"உருமாறிய பாறை?"

"அழுத்தமும் சூடும் பட்டு மாறினது. சுண்ணாம்புக்கல்லு சலவைக்கல்லா மாறும்."

"கேக்குலடி! உங்க வண்டிச் சத்தம் எங்க ஊட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்குது."

"இப்ப நான் கேக்கறேன். நீர்புகும் பாறைக்கும் நீர்புகாப் பாறைக்கும் என்ன வித்தியாசம்? அஞ்சு மார்க்கு. கண்டிப்பா வருமுன்னு டீச்சர் சொன்னாங்க."

"அந்தப் பாடம் உன்ற பங்கு. நீ படிச்சு எனக்குச் சொல்லித் தாரேன்னு சொன்னியல்ல?"

சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று வைத்துவிட்டார்கள்.

மத்தியானமாகியும் குழியிலிருந்து வெள்ளைப் பொடிதான் வந்தது. தென்னை ஓலை, மாட்டுக் கொட்டகை, துணிக்கொடி எல்லாம் மாவு மில்லில் கிடந்தவை மாதிரி வெளுத்துவிட்டன. நித்யாவின் அம்மா சௌந்திரம் வண்டி ஆட்களுக்குச் சோறு போட்டுக்கொண்டே நிமிடத்துக்கொரு தரம் குழியைப் பார்த்தாள். பொடி கொஞ்சம் ஈரமாக விழாதா என்ற ஆசை. தனபால் எதுவும் சாப்பிடவில்லை. பொடியை உள்ளங்கையில் அள்ளித் தேய்ப்பதும் உதறுவதுமாக இருந்தார்.

அந்த நேரத்தில்தான் பொடி வருவது குறைந்தது. போர் ஏஜென்ட் மயில்சாமி கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்றதும் காது இரைந்தது.

"பொடிய மேல தள்ள நாம உள்ள அடிக்கற காத்து எங்கயோ ஓடுதுங்க," என்றார் மயில்சாமி. "பாறையில வெடிப்பு வந்திருக்குது. அதுல தண்ணியும் இருக்கலாம், வெறும் பொந்தாவும் இருக்கலாம். பொந்தா இருந்தா குழிக்குள்ள எறக்கின ராடு சிக்கிக்கும். ஓட்டறதா, நிறுத்தறதா? நீங்கதான் சொல்லோணும்."

தனபால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலிப்பக்கம் நடந்தார். வேலியோரத் தென்னையடியில் முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றார். அழுகிறாரோ என்று நித்யா எட்டி எட்டிப் பார்த்தாள்.

போன் அடித்தது. மதுமதி.

"நித்யா, எங்க போர்க்குழியில என்னமோ ஆயிப்போச்சுடி! வாயில இருந்து காத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சுது. கலங்கத் தண்ணி பீச்சி மோட்டார் பெட்டியெல்லாம் சேறு. உங்க வண்டி நின்னதும் அதுவும் நின்னுபோச்சு. அப்பா ஊர்ல இல்ல, பவானிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்குது. அம்மா பயந்துட்டு சூடம் கொளுத்துது. எதுனாலடி இது? நம்ம பாடத்துல இருக்குதா?"

நித்யாவின் மடியில் புத்தகம் விரிந்தபடிதான் கிடந்தது. கடினப் பாறை தன்னுள் நீரை விடாது. அதில் விரிசல்கள் இருந்தால் அவற்றின் வழியே நீர் புகும், தேங்கும், நகரும். இங்கே அடித்த காற்று அங்கே வெளியே வருகிறதென்றால் இரண்டு குழிக்கும் அடியில் ஓடுவது ஒரே விரிசல். அந்த விரிசலில் தண்ணீர் இருக்கிறது, அதைத்தான் பெரியப்பாவின் போர் குடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் போதும், அப்பாவுக்கும் கிடைக்கும். அப்பாவின் குழி அதைவிட ஆழம். ஆழமாக இருப்பவன் இழுத்துக்கொள்வான், மேலே இருப்பவன் வறண்டுபோவான். இதைப் புத்தகம் சொல்ல வேண்டியதே இல்லை, கூட்டுக் கிணற்றின் கதையே அதுதான்.

"பாடத்துல இல்லடி," என்றாள் நித்யா. "எனக்குத் தெரியல. அப்புறம் பேசறேன்."

 மதுமதியிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. ஒரு வார்த்தை அப்பாவிடம் சொன்னால் குமாரபாளையம் போக வேண்டாம், மாடுகளை விற்க வேண்டாம். அதே வார்த்தையில் மதுமதி வீட்டு மரவள்ளிக்கிழங்குக் காடு காயும். சொல்வதா, விழுங்கிவிடுவதா என்று தெரியாமல் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நித்யா! கை கால் கழுவிட்டு வா சாமி," என்று அப்பா கூப்பிட்டார். வேலியிலிருந்து திரும்பியிருந்தார். கையில் பூக்கள். "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாக்கலாம். நீ எடுத்துக் குடு."

அந்த வட்டாரத்தில் கல்யாணமோ, கிணறோ, நிலம் வாங்குவதோ, மனது இரண்டுபட்டால் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சூதுவாது தெரியாத பிள்ளையின் கை எடுப்பது சாமியின் வாக்கு. வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் விட்டுவிட வேண்டும். அன்றைக்கென்று பார்த்து அந்தத் தோட்டத்திலேயே சூது தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று நித்யாவுக்குப் பட்டது.

தனபால் திரும்பி நின்று பூக்களைக் காகிதத்தில் மடித்தார். செல்லாண்டியம்மன் படத்துக்கு முன்னால் இரண்டு பொட்டலத்தையும் வைத்தார். சௌந்திரம் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆத்தா, என்ற புள்ள ஊர விட்டுப் போவாம நீதான் பாத்துக்கோணும்," என்று அவள் முணுமுணுத்தது நித்யாவுக்குத் தெளிவாகக் கேட்டது. மயில்சாமி கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நித்யா ஒரு பொட்டலத்தைத் தொட்டாள். காகிதத்துக்குள் விறைப்பாக இருந்தது. அரளி மொட்டு. சிவப்பு. மற்றதைத் தொட்டாள். மெத்தென்று இருந்தது. இது நந்தியாவட்டை, வெள்ளை. தொட்டு மாற்றக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தொட்டாள்.

இதை எடுத்தால் வண்டி ஓடும், தண்ணீர் வரும். மதுமதியின் போர் வற்றினாலும் யாரும் நித்யாவைக் கேட்க முடியாது. சாமி சொன்னது என்று ஆகிவிடும். அவளுக்கு அழுகை வந்தது. மதுமதியின் முகம் ஞாபகம் வந்தது. அதற்கு மேலாக அம்மாவின் முணுமுணுப்பு காதில் நின்றது. மெத்தென்ற பொட்டலத்தை எடுத்து அப்பாவின் கையில் வைத்தாள்.

தனபால் பிரித்தார். விரிந்த அரளிப் பூ. சிவப்பு.

 சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு ராடு உட்டுப் பாத்தரலாமுங்க," என்று மயில்சாமி இழுத்தார்.

"வேண்டாமுங்க. ஆத்தா சொன்னதுக்கு மேல என்ன இருக்குது? ராடைத் தூக்கச் சொல்லுங்க." தனபால் மீதிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மகளின் தலையைத் தடவினார். "நீ போய்ப் படி கண்ணு. நாளைக்குப் பரீட்சை."

பொழுது சாயும்போது குழியின் வாயைக் கல் வைத்து மூடிவிட்டு வண்டி போனது. நித்யா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மெத்தென்றிருந்தது எப்படிச் சிவப்பானது? தன் கள்ளத்தனத்தைக் கண்டு ஆத்தாவே பூவை மாற்றிவிட்டாளோ என்று பயந்துகொண்டு கிடந்தாள்.

"அப்பா சட்டையைத் தண்ணியில நனைடி, பொடி நெஞ்சுக்கு ஆகாது," என்றாள் அம்மா, அழுது வீங்கிய முகத்தோடு. நித்யா சட்டையை எடுத்து உதறினாள். பையிலிருந்து பொட்டலம் விழுந்தது. காகிதம் பிரிந்துகொண்டது. உள்ளே ஓர் அரளி மொட்டு.

அதுவும் சிவப்பு.

பைக்குள் கையை விட்டாள். அடியில் கசங்கி, வாடி, ஒரு நந்தியாவட்டை கிடந்தது. வெள்ளைப் பூ பொட்டலத்துக்குள் போகவே இல்லை.

நித்யா வாசலைத் தாண்டி வேலியோரத் தென்னையடிக்கு ஓடினாள். அப்பா நின்ற அதே இடத்தில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் பெரியப்பாவின் போர்க்குழி நேராகத் தெரிந்தது. சுற்றிலும் சேறு. மோட்டார் பெட்டியெல்லாம் சேறு. பெரியம்மா ஏற்றிய சூடத்தின் கரி கூடத் தெரிந்தது.

காற்று எங்கே போனது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் இரண்டிலும் சிவப்பை வைத்திருக்கிறார். அண்ணனுக்காக நிறுத்தினேன் என்று சொல்ல அவருக்கு ரோஷம் விடவில்லை, அதனால் பழியைச் சாமியின் தலையில் போட்டுவிட்டார். தானோ வெள்ளையைத் தேடி எடுத்தவள். வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. அப்பாவை நினைத்து அழுகை பொங்கியது. தென்னையைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"மது, மத்தியானம் நீ ஒரு கேள்வி கேட்ட. பாடத்துல இல்லைன்னு சொன்னது பொய்டி. அது பாடத்துலதான் இருக்குது."

எல்லாவற்றையும் சொன்னாள். விரிசலை, காற்றை, பூவை, பொட்டலத்தை, தன் கையை. எதையும் மறைக்கவில்லை. 

"இருடி," என்றாள் மதுமதி கடைசியில். "அப்பா இப்பத்தான் வந்துச்சு. சேத்தைப் பாத்துட்டு உங்கப்பனை ஏசிட்டு நிக்குது. நீயே சொல்லு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு ஆளின் மூச்சு. கோபத்தில் ஏறி இறங்கும் மூச்சு.

"யாரு?" என்றார் பூபதி. அந்தக் குரல் அவளிடம் பேசி வருசக்கணக்காகிறது.

நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நித்யாங்க பெரியப்பா. நம்ம ரெண்டு ஊட்டுக்கும் அடியில ஓடறது ஒரே ஊத்துங்க. அது தெரிஞ்சுதான் எங்கப்பா வண்டிய நிறுத்துச்சு."