இடக்கைக்காரியின் போலோ

நாற்பது வயதுக்கு மேல் அகல்யாவுக்குக் குதிரையேற்றம் பிடித்துப்போனதை டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ யோகாவுக்குப் போகிறார்கள், யாரோ பஜனைக்குப் போகிறார்கள், இவள் சனி ஞாயிறு காலைகளில் குதிரைக்குப் போகிறாள், அவ்வளவுதான். அவளுக்கு மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர் வேலை. வாரம் முழுக்க ஃபைலும் மீட்டிங்கும். ஷபனம் என்கிற பழுப்புப் பெண்குதிரையின் முதுகில் ஏறிவிட்டால் அது எதுவும் ஞாபகம் வருவதில்லை.

குதிரையேற்ற கிளப்பில், குதிரைமேல் இருந்தபடி மட்டையால் பந்தடிக்கும் போலோ வகுப்பு தொடங்கியபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். சொல்லிக்கொடுத்த ப்ரசன்னா அவளைவிட வெகு இளையவன். அப்பாவுக்கு ராணுவ வேலை என்பதால் டெல்லி கன்டோன்மென்டிலேயே வளர்ந்த வேலூர்க்காரன்.

முதல் நாள் நிஜக் குதிரை கிடையாது. கம்பிவலைக் கூண்டுக்குள் ஒரு மரக்குதிரை நின்றது. சுற்றிலும் தரை சரிவாக இருந்ததால் அடித்த பந்து தானே உருண்டு திரும்பி வந்துவிடும். அகல்யா ஏறி உட்கார்ந்து, நீளமான மூங்கில் மட்டையை வாங்கி ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து வலையில் போய் மோதியது.

"சூப்பர் அக்கா," என்றான் ப்ரசன்னா. "ஆனா கைய மாத்துங்க. ரைட் ஹேண்ட்."

"எனக்கு லெஃப்ட்தான் வரும்."

"தெரியுது. போலோல லெஃப்ட்ல ஆட விடமாட்டாங்க."

வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். அவன் தன் இரண்டு கைகளையும் குதிரைகள்போல எதிரெதிரே ஓடவிட்டுக் காட்டினான். "ரெண்டு பேரும் பந்த வலது பக்கம் வெச்சுக்கிட்டு வந்தா குதிரைங்க விலகிப் போயிடும். ஒருத்தர் மட்டும் லெஃப்ட்ல அடிச்சா நேருக்கு நேர் முட்டிக்கும். எங்க போனாலும் இதே ரூல்தான்."

அகல்யா மட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

சின்ன வயதில் அவளுடைய அம்மா அந்த இடது கையோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். சோறு பிசையும்போது தட்டிவிட்டாள், திட்டினாள், ஒரு கோடை விடுமுறை முழுக்கத் துணியைச் சுற்றிக் கட்டிவைத்தாள். அகல்யா சாப்பிடாமல் கிடந்து ஜெயித்தாள். அதன்பிறகு எழுதுவது, சாப்பிடுவது, காய் நறுக்குவது எல்லாம் இடது கைதான். கல்யாணப் பந்தியில் யார் முறைத்தாலும் அவள் மாற்றிக்கொண்டதில்லை. இப்போது ஒரு விளையாட்டுக்காக மாற்றிக்கொள்வதா? சில வாரங்கள் அவள் அந்த வகுப்புப் பக்கமே போகவில்லை.

கணவன் இளஞ்செழியன்தான் ஒருநாள் சாப்பிடும்போது பேச்சை எடுத்தான். "உங்கம்மா நாலு பேர் என்ன சொல்வாங்களோன்னு பயந்தாங்க. இந்தப் பையன் நீ கீழ விழுந்து சாகக் கூடாதுன்னு சொல்றான். ரெண்டும் ஒண்ணா?"

அவளுக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடேயே கரண்டியை வலது கைக்கு மாற்றினாள். சாம்பார் தட்டுக்கு வெளியே போனது.

"மம்மி, டேபிள் ஃபுல்லா சாம்பார்! ரெஹ்னே தோ நா, விட்டுடு," என்று மகள் சிந்து சிரித்தாள்.

அந்த வார இறுதியில் அகல்யா திரும்பவும் மரக்குதிரை மேல் ஏறினாள். அடித்ததில் பாதி காற்றுக்குப் போனது, மீதி தரையைக் கொத்தியது. தோள்பட்டை வீங்கி, ஆபீசில் ஃபைல் அடுக்கைத் தூக்க முடியவில்லை. அதே வகுப்பில் இருந்த பல் டாக்டர் ஹரிஷங்கரோ வந்த அன்றைக்கே அழகாக அடித்தார். அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

குளிர் தொடங்கியதும் நிஜக் குதிரையில் ஏற்றினார்கள். வலது கையில் மட்டை என்றால் கடிவாளம் முழுக்க இடது கைக்கு வரும். மற்றவர்கள் ஒற்றைக் கையால் குதிரையைத் திருப்பத் தெரியாமல் திணறினார்கள். ஹரிஷங்கர் உடம்பையே சாய்த்து இழுத்தார். அகல்யாவுக்கு விரலை அசைத்தாலே போதும், ஷபனம் திரும்பியது. ஆனால் பந்து மட்டும் பட மாட்டேன் என்றது.

பனிமூட்டம் விலகிய ஒரு ஞாயிறு காலை, பக்கத்துக்கு மூன்று பேராகப் பழக்க ஆட்டம் வைத்தார்கள். முன்னால் உருண்ட பந்தைத் துரத்தி அகல்யா நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருந்தாள். பந்து போகும் கோட்டில் வருபவருக்குத்தான் வழி. குறுக்கே வருவது தப்பு. ஹரிஷங்கர் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு குறுக்கே வந்தார். ப்ரசன்னா கத்தினான். அவருடைய குதிரை நிற்கவில்லை.

யோசிக்க நேரமில்லை. அகல்யாவின் இடது கை தானாகக் கடிவாளத்தை இழுத்தது. ஷபனம் பின்னங்காலில் குந்தியதுபோல நின்று, அவருடைய குதிரையின் வால் பக்கமாகத் திரும்பியது. வால் மயிர் அவள் முழங்காலில் அடித்துவிட்டுப் போனது.

தூரத்தில் குதிரையை ஒருவழியாக நிறுத்தித் திரும்பி வந்த ஹரிஷங்கருக்கு முகம் வெளுத்திருந்தது. "மன்னிச்சிடுங்க மேடம். உங்கள நான் பாக்கவே இல்ல."

"பரவால்ல. ஒரு நிமிஷம் மூச்சு விட்டுக்கறேன்," என்றாள்.

"இறங்கிடறீங்களா அக்கா?" என்றான் ப்ரசன்னா.

"எதுக்கு? ஃபவுல் அவரோடது. ஃப்ரீ ஹிட் எனக்குத்தானே?"

பந்தை வைத்தார்கள். வலது கையை முழுசாகச் சுழற்றி அடித்தாள். மட்டை பந்துக்கு மேலே வீசிப் போனது. எல்லாரும் சிரிக்க, அவளும் சிரித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ப்ரசன்னா சொன்னான்: "அடுத்த மாசம் இன்னொரு கிளப்போட மேட்ச். நீங்க பேக் ஆடுங்க. நம்ம கோல் பக்கம் காவல்."

"எனக்கு அடிக்கவே வரலயேப்பா."

"அடிக்க மத்தவங்க இருக்காங்க. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் குதிரைய நிறுத்தவும் திருப்பவும் தெரியணும்."

அந்த மேட்சில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் இரண்டாவது பாதியில் எதிரணி அடித்த பந்து கோலுக்கு நேராக உருண்டு வந்தது. அகல்யா முந்திப் போய், பக்கத்தில் வந்த ஆட்டக்காரரை விதிப்படியே தோளால் தள்ளி, வலது கையால் பின்பக்கமாக ஒரு அடி அடித்தாள். டக்கென்று நல்ல சத்தம். பந்து மைதானத்தின் நடுவுக்குப் போனது. வேலி ஓரத்தில் சிந்து எழுந்து நின்று கத்தினாள். அகல்யா திரும்பிப் பார்க்கவில்லை. பந்து மறுபடி வந்துகொண்டிருந்தது.