ஒரே தூசி, இரண்டு தடவை

மூன்று மணிக் கூட்டத்தில் அக்கா ஆராயும் விண்மீன் மண்டலம் ஜெயித்தாக வேண்டும். பெரிய தொலைநோக்கியின் அடுத்த வாய்ப்பு, அதிக நட்சத்திரங்களைப் பெற்றெடுக்கும் ஒரே ஒரு மண்டலத்துக்குத்தான். போட்டியில் பன்னிரண்டு பேர். அக்காவுடையது ஆண்டுக்கு எழுநூற்றைம்பது சூரியன்களைப் பெற்றெடுக்கிறது. அடுத்த இடத்தில் இருந்த கண்ணாடிக்காரருடையது நானூறு. காலையிலிருந்து அக்காவின் கால் தரையில் படவில்லை.

ஒன்றரை மணிக்குத் தங்கை வந்து கதவில் சாய்ந்தாள். இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை. அக்கா புற ஊதா ஒளியை அளப்பவள்; தங்கை அகச்சிவப்பை.

"அக்கா, உன் மண்டலத்த நானும் அளந்தேன். நூத்தம்பதுதான் வருது."

"உன் கருவிக்குக் கண்ணு தெரியல, போடி."

"யாருக்குத் தெரியலன்னு பார்ப்போம். புதுசா பொறந்த நட்சத்திரம் புற ஊதாவக் கொட்டுது. நடுவுல தூசி முழுங்குது. சரியா?"

"எனக்கே பாடமா? முழுங்குனதக் கணக்குப் போட்டு நான்தானே திரும்பச் சேக்குறேன். அஞ்சு மடங்கு."

"முழுங்குன தூசி சும்மா இருக்குமா? சூடாகி அகச்சிவப்பா வெளிய விடும். நீ சொல்ற அளவு முழுங்கியிருந்தா என் கருவி கொதிச்சிருக்கணும். வெதுவெதுன்னுதான் இருக்கு."

அக்கா சுவர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அலுவலகத்தில் ஒரு கோப்புக்குத் தூசிக் கணக்கைச் சேர்த்தவர், சுவர்ப்பலகையில் அதன் எண்ணுக்கு எதிரே ஒரு கோடு இழுக்க வேண்டும். இன்னொருவர் மறுபடி சேர்த்துவிடக்கூடாது அல்லவா. காலை எட்டு மணிக்கு, தன் கணக்கை எழுத இடம் வேண்டி, பலகையைப் பளபளவென்று துடைத்தவள் அக்காதான். பக்கத்து மேசைக்காரர் முப்பதை நூற்றைம்பதாக்கி வைத்திருந்ததை மறுபடியும் ஐந்தால் பெருக்கியிருந்தாள்.

"சொல்லிடுவியா?" என்றாள் அக்கா.

"நான் வாயத் திறக்க மாட்டேன். ஆனா இனிமே உன்கூட உக்காந்து சாப்பிடவும் மாட்டேன்."

மூன்று மணிக் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றாள். "என் எண் தப்பு. எழுநூத்தம்பது இல்ல, நூத்தம்பது. பலகைய அழிச்சுட்டு, தூசிய ரெண்டு தடவ சேத்துட்டேன்."

தலைவர் நிமிர்ந்தார். "எப்ப அழிச்சீங்க?"

"காலையில எட்டு மணிக்கு."

"உங்க கோட்ட மட்டுமா?"

"ஒரு மூலை விடாம, சார்."

அன்று எட்டு மணிக்குப் பிறகு கணக்குப் போடாதவர் அங்கே ஒருவரும் இல்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது; அதற்குள் எல்லா எண்களும் அகச்சிவப்போடு ஒத்துப்போக வேண்டும்.

தங்கையின் அறை வாசலில் பதினோரு பேர் கோப்புகளோடு நின்றார்கள். கண்ணாடிக்காரர் அக்காவை மறித்தார். "ஏம்மா, என்னோடதும் ரெண்டு தடவ ஆகியிருந்தா? நானூற அஞ்சால வகுத்தா..." விரல்விட்டு எண்ணினார். "எண்பது." அவர் முகம் தொங்கிப்போனது.

எண்பதைவிட நூற்றைம்பது பெரிது என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. உதட்டைக் கடித்தும் சிரிப்பு அடங்கவில்லை.

"பல்லக் காட்டாத!" உள்ளேயிருந்து தங்கை கத்தினாள். "இந்தக் கூட்டத்தச் சேத்துவிட்டது நீ. வந்து கூடமாட வேலை செய்."